இருப்பு உண்டு

கடலூர் முதுநகரில், ரயில்வே ஜங்ஷனுக்குப் போகிற வழியில் இரண்டு ஷட்டர் வைத்த ஹார்டுவேர் கடை நான் கட்டியது. பின்னால் இருக்கிற சிமென்ட் குடோனும் நான் கட்டியதுதான். ஒரு புயல் அந்தக் குடோனின் தகரக் கூரையைப் பிய்த்து அடுத்த தெருவில் போட்டது. ஒரே வாரத்தில் மறுபடி மூடிவிட்டு, அதே வாரம் ஊரில் பாதிப் பேருக்குத் தகரம் விற்றவன் நான். இன்னொரு வருஷம் வெள்ளம் புகுந்து, இருந்த சிமென்ட் மூட்டை எல்லாம் கல்லாக இறுகிப்போனது. பார்த்தவர்கள் "ஆள் முடிஞ்சான்" என்றார்கள். அந்தக் கல் மூட்டைகளையே அடுக்கிக் குடோனுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். சாக்கு மக்கிப் போய்விட்டது, சுவர் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் சாக்கின் நெசவு இன்னும் தெரியும். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்ற லாரி விட்டேன். சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க மூன்று மாடி லாட்ஜ் கட்டினேன். அதில் தங்கிப் படித்தவர்களில் டாக்டர்களும் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். கட்டியவன் படித்தது மூன்றாம் வகுப்பு.

வீடும் கட்டினேன். மாடியில் மகனுக்கு ஒரு அறை, மகளுக்கு ஒரு அறை, இரண்டிலும் ஏசி. அந்த ஏசி ரிமோட்டுகளின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் யாரும் உரிக்கவில்லை. மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில். கீழே நானும் என் மனைவியும்.

இவ்வளவு கட்டியவன் ஒரு பிளெக்ஸ் பேனரில் இருந்த ஒரு வார்த்தைக்குப் பேர் கேட்டு இத்தனை பக்கம் எழுதுகிறானே என்று தோன்றலாம். தோன்றட்டும். என் மனைவியின் எழுபதாவது பிறந்தநாள் விழாவின் வீடியோவை மகள் அனுப்பியிருக்கிறாள். கடைசியில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பேர்கள் மேலே ஓடுகின்றன. கேக் வெட்டும் கத்திக்கு ரிப்பன் கட்டியவர் பேர்கூட இருக்கிறது. என் பேர் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம். மழை விட்ட ஒரு மதியம், கடையைப் பாதி இறக்கிவிட்டு மொபெட்டில் சாப்பிட வந்துகொண்டிருந்தேன். பிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர் தன் கடையிலிருந்து ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். நல்ல மனிதர். எனக்கு எந்த உறவும் இல்லை, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா மாமா? அத்த கையால எத்தினி தபா காப்பி குடிச்சிருக்கேன். பையன் வூட்டுக்குப் போன எடத்துல, அமெரிக்காவுல தவறிட்டாங்கன்னா ஊருக்குச் சொல்லக்கூடாதா?"

"யாருய்யா தவறுனது?"

"அத்ததான்."

"அத்த வூட்ல வெண்டிக்கா நறுக்கிக்கிட்டு இருக்கா. காலையிலதான் என்னைய ரெண்டு திட்டுத் திட்டுனா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தது தெரிந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மெஷினிலிருந்து பிளெக்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து. அப்புறம் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. அப்புறம் அவள் நெற்றி, பொட்டு, கண். விசாவுக்காக எடுத்த போட்டோ. சிரிக்கக்கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதால் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் தோற்றம், ஒரு பக்கம் மறைவு, இரண்டுக்கும் தேதி. கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று மகன் பேர், அமெரிக்கா. மகள் பேர், சிங்கப்பூர்.

உயிரோடு இருக்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தும் நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நிறுத்துய்யா அந்த மெஷின" என்றேன்.

மகன் அனுப்பிய மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. கடைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கறுப்பு வெள்ளையில், வெள்ளைப் பூ மட்டும் வைத்து, கலர் எதுவும் வேண்டாம், சிம்பிளாகக் கிளாஸாக இருக்கவேண்டும். தமிழில் பொருத்தமாக நாலு வார்த்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அம்மா பேர், எங்கள் பேர், இரண்டு தேதி. அவ்வளவுதான். அமெரிக்காவில் அதற்குக் கிளாஸ் என்று பேர். கடலூரில் ஒரு வயதான அம்மா சிரிக்காமல் கறுப்பு வெள்ளையில், இரண்டு தேதியோடு, வெள்ளைப் பூவோடு இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைகூடத் தெருவில் நின்று உச்சுக் கொட்டும்.

தேதியும் சேர்ந்து குழப்பிவிட்டது. மகன் அந்த ஊர் வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டிருந்தான். அவள் பிறந்தது டிசம்பர் பத்து, விழாவும் அதே தேதி. கடைக்காரர் நம் வழக்கப்படி அதை அக்டோபர் பன்னிரண்டு என்று படித்துவிட்டார்.

"பொறந்த தேதியிலயே போயிருக்காங்களே, புண்ணியவதின்னு நெனச்சேன் மாமா. முப்பதாம் நாள் காரியம் லேட்டா வச்சிருக்காங்கன்னு… ஒங்க பேரு வேற இல்லியா, அத எங்க போடறதுன்னு ஒங்களையே கேட்டுரலாம்னுதான் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

என் பேர் ஏன் இல்லை என்பது மெசேஜின் கடைசி வரியில் இருந்தது. அதையும் படித்தார், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு. இது சர்ப்ரைஸ். சிதம்பரத்தில் மண்டபம். வெளிநாட்டிலிருந்து எல்லோரும் வருகிறோம். அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அப்பாவுக்கும் தெரியக்கூடாது.

"அத ஏன்யா நீ முன்னாடியே பாக்கல?"

"அது இங்கிலீஷ்ல கடைசியா இருந்துச்சு மாமா."

எனக்குப் புரிந்தது. அவளிடம் மறைத்தால் அது விழா. என்னிடம் மறைத்தது என் வாய்க்குப் பயந்து. நான் பேசுகிறவன்தான். ஒரு ஆணி வாங்க வந்தவரிடமும் லாட்ஜ் கட்டிய கதையைச் சொல்லித்தான் அனுப்புவேன். சொல்லிக்கொள்ள ஏதோ இருக்கிறவன்தானே சொல்கிறான்?

"நான் பாத்தேன்னு என் பையனுக்குத் தெரியக்கூடாது" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்க?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

டிசைனை அங்கேயே மாற்ற வைத்தேன். கறுப்பை எடுத்து மஞ்சள் போடச் சொன்னேன். பூவை மகன் கேட்டபடியே வெள்ளையாக விட்டேன். மஞ்சளில் விழுந்ததும் அது மல்லிகை ஆகிவிட்டது. கண்ணீர் போய் வாழ்த்து வந்தது, வருத்தம் போய் அன்பு வந்தது. மறைவையும் அதன் தேதியையும் அழித்தார். தோற்றம் மட்டும் இடது பக்கத்தில் தனியாக நின்றது.

"ஒத்தப் பக்கமா சாய்ஞ்சாப்புல இருக்கு மாமா. அந்தாண்ட ஏதாச்சும் வேணும். இல்லேன்னா தோற்றத்தையும் தூக்கிடட்டுமா?"

"தூக்காத. இரு."

எங்கள் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். சிமென்ட் கிடைக்காத காலத்திலிருந்து தொங்குகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதில் நான் எழுதுகிற முதல் வரி: சிமென்ட் இருப்பு உண்டு. நான் தப்பில்லாமல், வேகமாக, அழகாக எழுதுகிற வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். இருப்பு. அதைப் பார்த்துத்தான் ஜனம் நம்பி உள்ளே வரும்.

"எழுதிக்கோ" என்றேன். "தோற்றம், அதுக்கு நேரா அவ பொறந்த தேதி. சரியான தேதியப் போடு. இந்தாண்ட, இருப்பு. அதுக்கு நேரா, எங்களோடு."

அவர் அடித்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாருக்கு மாமா" என்றார். கடைக்காரர்கள் எல்லோரிடமும் சொல்கிற நல்லாருக்கு இல்லை அது. எனக்குத் தெரியும், நானும் கடைக்காரன்தானே.

இறங்கியிருந்த கறுப்பு பிளெக்ஸைக் கிழித்துப்போடுகிறேன் என்றார். நான் விடவில்லை. தெருவில் போட்டால் யாராவது எடுத்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போடுவார்கள். அவள் முகத்தில் கத்தரி வைக்கவும் மனசு வரவில்லை. சுருட்டி மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்க் குடோனில், சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். முகம் உள்பக்கம் இருக்கும்படி.

அதற்கப்புறம் விழா வரைக்கும் நான் பட்டது யாருக்கும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஜங்ஷன் டீக்கடையில் எங்கள் கூட்டம் கூடும். என் வாய் எனக்கே தெரியும். உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன். அதனால் போவதை நிறுத்தினேன். இரண்டு நாள் போன் செய்தார்கள், மூன்றாவது நாள் விட்டுவிட்டார்கள். கடையிலும் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மழை வேறு. டிசம்பர் பிறந்தும் விடவில்லை. வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். நிமிர்ந்தால் அவள் முகம். அவள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கறுப்புப் பின்னணிதான் வந்து நிற்கும்.

"டீக்கடையில யார்கிட்டயாச்சும் சண்டையா?" என்றாள்.

"இல்லியே."

"பின்ன என்ன, வூடு இவ்ளோ அமைதியா இருக்குது? எனக்குப் பயமா இருக்குது. டாக்டர்கிட்ட வேணா காட்டலாமா?"

பிள்ளைகள் தினமும் போன் செய்வார்கள். "நல்லா இருக்கீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க." இதுதான் எனக்கான பேச்சு. பல வருஷமாக இதேதான். நான் போனைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். அந்த நாட்களில் அந்தப் பக்கம் அவர்கள் எதையோ மறைத்துப் பேசுவது எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் நான் மறைப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரே ரகசியம். ஆளுக்கு ஒரு மூலையில் வைத்துக்கொண்டிருந்தோம். அதைவிடத் தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. கடை வைப்பதற்கு முன்னால், தள்ளுவண்டியில் வியாபாரம் செய்து ரோட்டில் படுத்திருந்த காலத்தில்கூடப் பக்கத்தில் இன்னொரு வண்டிக்காரன் இருந்தான்.

அவளை மண்டபத்துக்கு வரவைக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் என் மச்சானிடம் கொடுத்திருந்தார்கள். அவள் தம்பி, சிதம்பரத்தில் இருக்கிறார். யாரோ தெரிந்தவர் வீட்டு ரிசப்ஷன் என்று சொல்லி இரண்டு பேரையும் அழைத்திருந்தார். எனக்கும் அதே பொய்தான். விழா அன்று காலையில் இவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "முட்டி வலிக்குது. நான் வரல. நீங்க போய் மொய் எழுதிட்டு வாங்க" என்றாள்.

மச்சானுக்குப் போன் செய்தேன். அவர் பதறினார். "மாமா, எப்டியாச்சும் கூட்டியாந்துருங்க மாமா. அவுங்க… அவுங்க ரொம்ப வருத்தப்படுவாங்க."

"யாரு வருத்தப்படுவாங்க மச்சான்?"

"அதான்… பொண்ணு வூட்டுக்காரங்க."

"நாம பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"எதுவோ ஒண்ணு மாமா, வாங்களேன்!"

அவளிடம் போய் நின்றேன். ஆட்டோ வேண்டாம், கார் சொல்லியிருக்கிறேன் என்றேன். அசையவில்லை. மச்சான் கோபித்துக்கொள்வார் என்றேன். "அவன் கெடக்கறான்." நடராஜர் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்றேன். "அவ்ளோ தூரம் யார் நடக்கறது?" எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தனியா போவ ஒரு மாதிரியா இருக்குது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் இந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்தாள். நான் அதைத் தந்திரமாகத்தான் சொன்னேன். பொய் இல்லை என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

கார் ஹாரன் அடித்தது. சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிக்கொண்டு போய் ஏற்றினேன். மழைத் தண்ணீர் தேங்கி நின்ற வயல்களைப் பார்த்துக்கொண்டே போனோம். பாதி வழியில்தான், "அய்யய்யோ, கண்ணாடிய டிவி மேல வச்சிட்டேன்" என்றாள். ரிசப்ஷனில் படிக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்றேன். படிக்க ஒன்று இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மண்டபம் இருட்டாக இருந்தது. "கரண்டு போச்சு போல. இன்வெர்ட்டர் இல்லாத மண்டபத்தையா புடிச்சாங்க?" என்று அவள் சத்தமாகக் கேட்க, விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. கத்தினார்கள். மகன், மகள், பேரப்பிள்ளைகள், எங்கள் லாட்ஜில் தங்கிப் படித்துவிட்டு துபாய்க்கும் லண்டனுக்கும் போன மகனின் சிநேகிதர்கள். எல்லோருக்கும் முன்னால் கை விரித்துக்கொண்டு ஒரு அம்மாள். என் மனைவியோடு பள்ளியில் படித்தவர், பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். இருவரும் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ஏய் குண்டு!" என்றார் அந்த அம்மாள்.

"நீதான்டி குண்டு! பிரான்சுல போடறதெல்லாம் தின்னுட்டு வந்து நிக்கறா!" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எழுபது வயதில் அப்படி அழ ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். அப்புறம் நிகழ்ச்சி முடிகிறவரை அவள் அந்த அம்மாளின் கையை விடவில்லை.

நானும் ஆச்சரியப்பட்டதுபோல் வாயைத் திறந்தேன். யாரும் பார்க்கவில்லை, திறந்தது வீண்.

மேடையில் மஞ்சள் பேனர். வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நானும் கிட்டப் போய் நின்றேன், எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க. போட்டோகிராபர், "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, பேனர் மறையுது" என்றார். தள்ளிக்கொண்டேன்.

லண்டனிலிருந்து வந்தவர் நிறுத்திப் படித்தார். "தோற்றம், இருப்பு… எங்களோடு. சூப்பரா இருக்குடா மச்சான். யார் எழுதுனது?"

மகன் சொன்னான்: "பிளெக்ஸ் கடைல அவங்களாப் போட்டதுடா, நான் கலரே வேணாம்னுதான் சொன்னேன். கம்ப்யூட்டர்ல ரெடியா வச்சிருப்பாங்க."

என் வாய் திறந்தது. இந்த முறை நிஜமாகவே. நான்தான் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்புறம் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் போகவேண்டும். அவள் மேடையில் சிநேகிதியின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு எதிரே அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டேன். ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

மகள் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கடைசியில், "அப்பாவுக்கே நாங்க சொல்லல. அவர்கிட்ட சொன்னா மைக் செட்டே தேவையில்ல, கடலூர் பூரா தெரிஞ்சிடும்" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடியோவில் பாருங்கள், நன்றாகவே சிரிக்கிறேன்.

ஊரில் நாலு நாள் இருந்தார்கள். ஹோட்டல் அறையில்தான் வைஃபை சரியாக இருக்கிறது என்று இரண்டு இரவு அங்கே தங்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். மாடி அறைகளைப் பூட்டினேன்.

போன வாரம் அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "போர்டுல என்னமோ நல்லா எழுதியிருந்துச்சாமே? அவ பிரான்சுலேர்ந்து போன்ல சொல்றா. கண்ணாடி இல்லாததால எனக்கு மஞ்சளா இருந்தது மட்டும்தான் தெரிஞ்சிது" என்றாள்.

நான் எழுந்து கையைக் கழுவினேன். குடோனுக்குப் போய்க் கறுப்பு பிளெக்ஸை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தேன். கண்ணாடியை நானே எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மெதுவாகப் படித்தாள்.

"மறைவுன்னு என் பொறந்த நாளையேவா போட்டாங்க?"

"ஆமா."

"சுமங்கலியா, பொறந்த தேதியில போய்ச் சேந்திருப்பேன். நடுவுல பூந்து கெடுத்துட்டீங்க." சிரித்தாள். பிளெக்ஸின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "கெட்டியா இருக்குது. மோட்டாருக்கு மேல போட்டா மழைக்கு ஆவும்."

"போட மாட்டேன்."

"சரி, வைங்க." மகள் அனுப்பிய வீடியோவைப் போனில் மறுபடி போட்டு, சிநேகிதி வருகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இருப்பு என்று எழுதியது நல்லாருக்கு என்று அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிநேகிதி சொன்னதே போதும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

மகள் அம்மாவைப் பற்றி எல்லோரிடமும் இரண்டு வரி கேட்டிருக்கிறாள், புத்தகமாகப் போடப்போகிறாளாம். என்னிடமும் கேட்டாள். இதுதான் என் இரண்டு வரி. ஒரு எழுத்தையும் எடுக்கக்கூடாது. வீடியோவிலும் திருத்தவேண்டும். நன்றி என்ற தலைப்பில் என்னைச் சேர்க்கவேண்டாம், நன்றிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில், கேட்டரிங்குக்குக் கீழேயும் வேண்டாம். பேனரை முழுசாகக் காட்டுகிற இடத்தில், அவள் முகத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், தமிழில் போடவேண்டும்: வாசகம், அப்பா. ரகசியத்தைக் காத்தவரும் அவரே.